பெட்டி செய்த மௌனம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று டிவி கம்பிக்குள் மனிதக் குரல் வந்தது. வந்ததில் என்ன அதிசயம், நாற்பது வருஷமாக செய்தியும் பாட்டும் சுமோ மல்யுத்தமும் அதில்தானே வருகின்றன என்று யாராவது கேட்டால், இல்லை, அதெல்லாம் மேலிருந்து கீழே வந்தது. இது வீட்டிலிருந்து திரும்பி வந்தது.

மேல் பள்ளத்தாக்கில் ஒரு கம்பத்தடியில் நின்றுகொண்டு மியாஷிதா சார் சோதனைப் பெட்டியில் பேசினார். "மசாமி, மூக்கு விறைச்சுப் போச்சு. கேக்குதா இல்லையா, சீக்கிரம் சொல்லித் தொலை." ஊருக்கு டிவி கம்பி இழுத்துக் கொடுக்கும் எங்கள் நிறுவனத்தில் என் பிரிவுக்குத் தலைவர் அவர். சரித்திரத்தில் நிற்கவேண்டிய முதல் வாக்கியம் இப்படி அமைந்துவிட்டது. ஆனால் அடைத்த மூக்கு, பனிக்காற்று, அருகில் யாரோ செருமியது எல்லாம் அப்படியே வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பதில் சொல்ல மறந்து உட்கார்ந்திருக்க, அவர் இன்னொரு முறை திட்டினார்.

மூன்று பக்கமும் மலை. எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கூரையில் ஆண்டெனா வைத்தாலும் புள்ளிதான் தெரியும். அதனால்தான் குன்றின் உச்சியில் ஒரே பெரிய ஆண்டெனா வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு வீடு கம்பி இழுத்தார்கள். இறங்கும் வழி ராஜபாட்டை. திரும்பி ஏறும் வழிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஊரின் தொலைபேசிப் பேச்சு முழுவதும் இனி அந்தப் பாதையில்தான் ஏற வேண்டும்.

பேச்சு மட்டுமா ஏறுகிறது? காலையில் கம்பியில் ஏறும் இரைச்சலை அளந்து காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு வீட்டில் தலை காயவைக்கும் கருவியைப் போடுகிறார்கள், திரையில் புல் முளைக்கிறது. கிணற்று மோட்டார் ஓடுகிறது. காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலி டிக் டிக் என்று துடிக்கிறது. ஊர் எழுந்துகொள்ளும் நேரத்தில் திரை முழுக்கப் புல் ஆளுயரம் எழும்பி அசைந்தது. பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கு மூச்சு விடுவதை இன்றுதான் பார்த்தேன். தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை.

இவ்வளவு இரைச்சலுக்கும் நடுவே ஒரு மனிதரின் மூக்கடைப்பு மட்டும் எப்படிப் பிழைத்து வந்தது?

பேய் விரட்டப் பயறு எறியும் நாள் இன்று. எறியவில்லை. தனியாக இருப்பவள் எறிந்தால் அவளேதான் பொறுக்க வேண்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

பனி. கம்பி அறுந்ததாக ஒரு புகாரும் இல்லை. அதுவே அதிசயம்.

பிப்ரவரி 9, திங்கள்

டோக்கியோவிலிருந்து குசே வந்து சேர்ந்தார். தொலைபேசிப் பெட்டிகளை விற்கும் நிறுவனத்து இன்ஜினியர். மெலிந்த ஆள், காலணி பளபளவென்று. இந்தப் பனியில் அது எத்தனை நாள் தாங்கும் என்று மியாஷிதா சார் எல்லோரிடமும் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

குரலுக்கு மதிப்பெண் போடும் இயந்திரம் ஒன்றை அவர் கொண்டுவந்திருக்கிறார். ஒரு முனையில் அது வாக்கியங்களை ஒலிக்கும். "ஜன்னலைத் திறந்தேன். மலையில் வெயில் பட்டிருந்தது." கம்பி வழியே மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததை எடுத்து, அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஒரு எண் சொல்லும். ஐந்துக்கு நாலுக்கு மேல் வந்தது. பழைய தொலைபேசிக்கே அவ்வளவுதான் வருமாம். இயந்திரத்தோடு நிற்காமல் ஊர் மண்டபத்தில் ஆட்களை உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, அவர்களையும் மதிப்பெண் போடச் சொன்னோம். அவர்களும் வாரி வழங்கினார்கள். அதை மேற்பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை.

இடைவேளையில் குசே எனக்கு ஒன்றை விளக்கினார். நம் குரலை இந்தப் பெட்டி இமைக்கும் நேரத்தை விடச் சிறிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் வரிசை எழுதி அனுப்புகிறது. முன்பின்னாக வருவதை மறுமுனைப் பெட்டி பொறுக்கிக் கோத்துக் குரலாக்குகிறது. நாம் "நான்" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சொல் பத்துப் பதினைந்து துண்டாகியிருக்கும். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அவர் சிரித்து, தானும் முதல் முறை அப்படித்தான் கேட்டதாகச் சொன்னார். பிடித்துப்போயிற்று, ஆளை.

பாதை குறுகல் என்பதால், யாரும் பேசாத நேரத்தில் பெட்டி எதையும் அனுப்பாதாம். அதனால் நிறைய பேர் ஒரே நேரத்தில் பேசலாம். புத்திசாலிப் பெட்டி என்று எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 14, சனி

சோதனைக்காகச் சில வீடுகளுக்கு மட்டும் இந்தத் தொலைபேசியைப் போட்டிருக்கிறோம். என் வீட்டுக்கு ஒன்று. மேல் பள்ளத்தாக்கில் அப்பா வீட்டுக்கு ஒன்று. ஆற்றுக்கு இக்கரையில் ஹிசாயோ, அக்கரையில் அவர் தங்கை யாசுயோ. இந்த இரண்டு சகோதரிகளும் தினமும் மாலை டிவி நாடகம் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசாவிட்டால் சாப்பிட மாட்டார்கள். இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்?

அப்பா சோதனைக்கு லாயக்கே இல்லாதவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். ரிசீவரைச் சுட்ட கிழங்கைப் பிடிப்பது போல முகத்தை விட்டு எட்டவே பிடிப்பார். அம்மா இருந்தவரை எண்ணைச் சுழற்றுவது, பேசுவது, வைப்பது எல்லாம் அம்மாதான். அம்மா போய் இது முதல் குளிர்காலம். அவர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் நான்தான் பிடிவாதமாகப் பெட்டியைப் போட்டேன்.

இன்னொன்று. ஓகிஹாரா கேட்டுவிட்டார். அடுத்த ஊரில் கார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். நாங்கள் பழக ஆரம்பித்து இரண்டு வருஷம். இன்று காதலர் தினம் என்று நான் சாக்லேட் கொடுத்தேன், அவர் பிரித்துத் தின்றுகொண்டே, "சேர்ந்து இருந்துடலாமா? எனக்குத் தனியா சாப்பிட்டு சாப்பிட்டு அலுத்துப்போச்சு" என்றார். கையில் மசகு. எனக்கு அழுகை வந்துவிட்டது, அசடு மாதிரி.

அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் விவாகரத்தாகி வந்தபோது அம்மாதான் அழுதாள். அப்பா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்தில் எனக்குப் பிடித்த முள்ளங்கியைப் பிடுங்கிக் கொண்டுவந்து வைத்தார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நேரில் போனால் அவர் முகத்தைப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தொலைபேசியில் சொன்னேன். ஓகிஹாரா யார், என்ன செய்கிறார், எப்படிச் சிரிப்பார் — எல்லாம்.

ஒரு சத்தமில்லை.

அப்பா, கேட்கிறதா என்றேன். கேட்கிறது என்றார், தெளிவாக. மறுபடி சொன்னேன். அம்மாவுக்கு ஒரு வருஷம் முடிந்த பிறகுதான் என்றேன். உங்களைத் தனியாக விட்டுவிட மாட்டேன் என்றேன். அந்தப் பக்கம் லேசாக ஒரு இரைச்சல், காலியான அறை மாதிரி. கிணற்றில் கல்லைப் போட்டால்கூட ஒரு சத்தம் வரும். எங்கள் ஊரில் எதிரில் இருப்பவர் உம் கொட்டாவிட்டால் யாரும் இரண்டாவது வாக்கியம் பேச மாட்டார்கள். நான் பத்து வாக்கியம் பேசினேன். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. அப்பாவின் மௌனம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்கிறார். ஏன் வேண்டாம்? ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பெத்த பொண்ணு நாக்கு வறளப் பேசுறா, ஒரு உம் கூடவா வராது?

பட்டென்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஓகிஹாராவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. வண்டி டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சகோதரிகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். முப்பது வருஷத்தில் முதல் முறையாக நேற்று ஹிசாயோ தங்கைக்குப் போன் செய்யவில்லை. விசாரிக்கப் போன மியாஷிதா சாரை வாசலிலேயே நிறுத்தி வறுத்தெடுத்துவிட்டாராம். "நான் இங்க கதை கதையா சொல்லிட்டு இருக்கேன், அவ ரிசீவரை வச்சுட்டு அடுப்படிக்குப் போயிடுறா. நான் என்ன சுவரா?" அக்கரைக்குப் போனால் அங்கேயும் இதே புகார், அக்காவைப் பற்றி. அடுப்படிக்குப் போகவே இல்லை என்று சத்தியம் செய்கிறார் யாசுயோ.

சோதனை வீடுகளில் இன்னும் சிலரும் இதைப் போலவே முணுமுணுக்கிறார்கள். குரல் தெளிவு, குறையில்லை, ஆனால் பேசப் பிடிக்கவில்லை என்கிறார்கள். ஒருவர் "பேசினா மனசு ஆற மாட்டேங்குது" என்றார். இதற்கு எங்கள் தாளில் கட்டம் இல்லை.

குசே இயந்திரத்தை மறுபடி ஓட்டினார். அதே மதிப்பெண். நாங்கள் இருவரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏப்ரலில் ஊருக்கே கொடுப்பதாக அறிவித்தாகிவிட்டது. தரம் சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பிப்ரவரி 27, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு சகோதரிகளையும் அலுவலகத்துக்கு வரவழைத்தோம். சமாதானத்துக்கு என்று சொன்னோம், மிட்டாய் வாங்கி வைத்தோம். அக்காவை மாடியில் ஓர் அறையில், தங்கையைக் கீழே என் அறையில் உட்காரவைத்து, அதே பெட்டிகள் வழியாகப் பேசச் சொன்னோம். அக்காவின் ரிசீவரில் என்ன கேட்கிறதோ அது என் காதிலும் கேட்கும்படி மாட்டிக்கொண்டு, நான் தங்கையின் எதிரில் உட்கார்ந்தேன்.

மேலே அக்கா பேச ஆரம்பித்தார், தங்கையின் ரிசீவரிலிருந்து அவர் குரல் கசிந்து எனக்கும் கேட்டது. நாடகத்தில் வரும் மருமகளைத் திட்டினார். என் எதிரில் யாசுயோ தலையை ஆட்டுகிறார். உதடு குவிகிறது. "உம்... உம்... அட... உம்." எதிரில் பார்க்கிறேன். காதில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை! மனுஷி என் மூக்குக்கு நேரே உம் கொட்டுகிறார், முழங்காலைத் தட்டிக் கொட்டுகிறார், என் காதில் காலி அறையின் இரைச்சல். அவர் வாய்விட்டு "அப்புறம் என்னாச்சு?" என்றபோது மட்டும் குரல் குதித்து வந்தது, பளிங்கு மாதிரி. உடனே மறுபடி காலி. மாடியில் அக்காவின் குரல் சுணங்கியது, சுருங்கியது, "கேட்டுட்டுத்தானே இருக்கே?" என்றது.

பெட்டி உம்மைத் தின்றுகொண்டிருந்தது. வாய் மூடிச் சொல்லும் அந்தச் சின்ன ஒலியை அது பேச்சு என்று எண்ணவில்லை. பேசாத நேரம் என்று எண்ணி அனுப்பாமல் விட்டுவிட்டது.

எனக்குச் சந்தோஷமா பயமா தெரியவில்லை. ஓர் எழுத்துக்கூட முழுதாக இல்லாத ஒலி. பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோமோ, ஒருவரும் கவனித்ததில்லை. அதை எடுத்துவிட்டால் முப்பது வருஷப் பாசம் பத்து நாளில் முறிந்துவிடுகிறது. இத்தனை பேர் இதன் மேலேயா உட்கார்ந்திருக்கிறோம்?

குசேவைக் கூப்பிட்டு என் காதிலிருந்ததை அவர் காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. "எங்க தேர்வு வாக்கியத்துல யாரும் உம் கொட்டலையே" என்றார். எப்படிக் கொட்டுவார்கள்? ஆளில்லாத அறையில் தனியாக நின்று வாசித்த வாக்கியங்கள். மண்டபத்தில் காது கொடுத்தவர்களுக்கோ வாயைத் திறக்காமல் கேளுங்கள் என்று நானே சொல்லியிருந்தேன். நாங்கள் எல்லோரும் உம் கொட்டிக்கொண்டே அந்தத் திட்டத்தைப் பேசித் தீர்மானித்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

சகோதரிகளை ஒரே அறையில் விட்டோம். மிட்டாய் போதவில்லை.

பிப்ரவரி 28, சனி

குசேவிடம் ஒன்று கேட்டேன். பெட்டி எதையும் அனுப்பவில்லை என்றால் அந்த மெல்லிய இரைச்சல் எங்கிருந்து வந்தது?

அவர் தயங்கித்தான் சொன்னார். அடியோடு சத்தமில்லாவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது என்று ஜனங்கள் பயப்படுவார்களாம். அதனால் கேட்பவரின் வீட்டிலுள்ள பெட்டி தானே ஒரு அமைதியை உண்டாக்கிக் காதில் போடும்.

கேட்பவரின் வீட்டிலுள்ள பெட்டி.

அப்படியென்றால் அன்று நான் கேட்டது அப்பாவின் மௌனமே இல்லை. என் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டி செய்த மௌனம். அதனோடுதான் சண்டை போட்டேன். அது சொன்னதென்று ஒரு நல்ல மனிதரை வேண்டாம் என்றேன்.

நாளை அப்பாவிடம் போகிறேன். போன் செய்ய மாட்டேன்.

பிப்ரவரி 29, ஞாயிறு

அப்பா கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து காலைச் சூடாக்கும் குளிர்கால மேசையைப் போட்டார், ஊறுகாய் எடுத்து வைத்தார். அவர் கையால் நறுக்கியது, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு.

"அன்னிக்குப் போன்ல ஏன்ப்பா ஒண்ணுமே சொல்லலை?"

"சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"உம்னு சொன்னேன். நீ பேசப் பேசச் சொல்லிட்டேதான் இருந்தேன். நீதான் நடுவுல பட்டுனு வச்சுட்டே. என்ன கோவமோன்னு இருந்துட்டேன்."

பெட்டி செய்ததை விளக்கினேன். உம் கொட்டிக் கேட்டார். நேரில் பார்த்தால் அந்த உம் எவ்வளவு விதம்! மூக்கிலிருந்து ஒன்று, தொண்டையிலிருந்து ஒன்று, தலை மட்டும் அசைந்து ஒன்று. அப்போ உங்களுக்குச் சம்மதம்தானே என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "கேட்டுட்டு இருக்கேன்னு உம் போட்டேன். சம்மதம்னு எப்போ சொன்னேன்?"

அவரே தொடர்ந்தார், அவருடைய கணக்கில் இது ஒரு பிரசங்கம். "முதல் தடவை என்னைக் கேட்டுத்தான் கட்டிக்கிட்டே. நான் சரின்னேன். என்னாச்சு? இந்தத் தடவை நான் கேட்டுக்கறேன். நீ முடிவு பண்ணு."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆமாம் என்று இல்லை, இல்லை என்றும் இல்லை. இங்கே இருக்கிறேன் என்று மட்டும். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடியதில் அதைவிடப் பெரியது என்ன இருக்கிறது? இவ்வளவு நாள் அதை வாங்கிக்கொண்டே, ஒன்றும் தரவில்லை என்று அவரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5, வெள்ளி

எங்கள் நிறுவனத் தலைவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பேசாத நேரத்தில் அனுப்பாமல் விடும் அந்த வசதியை அணைத்தால் ஒற்றையடிப் பாதையில் நெரிசல், பள்ளத்தாக்கை இரண்டாகப் பிரித்து இன்னொரு வழி போட வேண்டும். மதிப்பெண் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நான் வாதாடவில்லை. வீட்டுக்குப் போன் செய்து உங்கள் மனைவியிடம் பேசுங்கள் என்று சோதனைப் பெட்டியை நகர்த்தினேன். அவர் வீட்டிலும் ஒன்று போட்டிருந்தோம்.

பேசத் தொடங்கினார். நேற்றைய விருந்து பற்றி ஏதோ. கொஞ்ச நேரத்தில் "இருக்கியா?" என்றார். பிறகு "ஏன், கோவமா?" நெற்றியில் வியர்வை. எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு தணிந்த குரலில், "சரி, தப்புதான், இனிமே சொல்லிட்டுப் போறேன்" என்றார். மியாஷிதா சார் இருமிக்கொண்டே வெளியே ஓடிவிட்டார்.

குசே இங்கிருந்தே அவர் வீட்டுப் பெட்டியின் அமைப்பை மாற்றினார். தலைவர் மறுபடி பேசினார். மறுமுனையில் "உம்" என்று ஒன்று வந்தது. அந்த மனிதரின் தோள்கள் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே.

அணைத்துவிடுவது என்று முடிவாயிற்று. நான் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 7, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். ஓகிஹாரா ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. நான் கால்களிடமே எல்லாவற்றையும் சொன்னேன் — பெட்டி, அப்பா, நான் செய்த மடத்தனம். வண்டிக்கடியிலிருந்து உம், உம் என்று வந்துகொண்டேயிருந்தது. கடைசியில், என் பதிலை மாற்றிக்கொள்ளலாமா என்றேன். அதற்கு உம் வரவில்லை. ஆள் சர்ரென்று வெளியே வந்துவிட்டார்.

அப்பாவைத் தானே போய்ப் பார்ப்பதாகச் சொல்கிறார். வேண்டாம், பனி போகட்டும் என்றேன். கேட்கிற ஆளா?

மார்ச் 23, செவ்வாய்

குசே திரும்பிப் போனார். காலணி போய், எங்கள் ஊர் ரப்பர் பூட்ஸோடு. டோக்கியோவில் இனி உம் கொட்டும் வாக்கியங்களையும் பதிவு செய்யப் போகிறாராம். சகோதரிகளைக் கூப்பிடுங்கள் என்றேன்.

ஏப்ரல் 4, ஞாயிறு

இந்த வாரம் ஊர் முழுக்கத் தொலைபேசி திறந்தாயிற்று. மாலையில் என் போன் அடித்தது. எடுத்தேன். யாருமில்லை. இல்லை, மூச்சு கேட்டது. தூரத்தில் தேநீர்க் கெண்டி கொதிக்கும் சத்தம்.

"நான்தான்" என்றார் அப்பா.

அப்பா எனக்குப் போன் செய்ததே இல்லை. எண்ணை எங்கிருந்து எடுத்தார், யார் சொல்லிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. பேச்சு நின்றுவிடுமோ என்று பயம். உம் என்றேன்.

"அந்த வண்டிக்காரர் நேத்து வந்தார்."

"உம்."

"ரொம்பப் பேசுறார். சாப்பிடும்போதும் பேசுறார். உம் கொட்டிக் கொட்டி எனக்குத் தாடை வலிச்சுப்போச்சு."

"உம்."

கொஞ்ச நேரம் கெண்டி மட்டும் கேட்டது. அது அவர் வீட்டுக் கெண்டி. அவர் வீட்டு அமைதி.

"உங்கம்மா போனப்புறம் வீட்டுல இவ்வளவு சத்தம் கேட்டதில்லை" என்றார். "நல்லா இருந்துச்சு."

உம் என்று சொல்ல நினைத்தேன், வேறு மாதிரி வந்தது. அதுவும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் தொடர்ந்து பேசினார். ஓடையோரம் பனி உருகிக் காட்டுக்கீரை மொட்டு விட்டதை, அம்மா அதை எப்படிப் பொரிப்பாள் என்பதை, அவள் மருத்துவமனையில் இருந்தபோது யாரிடமும் சொல்லாத ஒன்றை. வாழ்நாளில் அவ்வளவு வார்த்தைகளை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. அவர் ரிசீவரை வைக்கும்வரை நான் உம்மைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.